பதினேழாம் எண்ணின் வருகை

மகள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கி இயங்கவில்லை. அதை அறிவித்து ஒட்டியிருந்த தாளில் இரண்டு பிழைகள் இருந்தன. சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்து அவற்றைத் திருத்திவிட்டுத்தான் படியேறினேன். முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். பிழையைக் கண்டால் கடந்து போக என்னால் இயலாது என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

அது பொய். அந்தப் பொய்யைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே சாப்பாட்டு மேசை முழுவதும் தாள்கள் பரவிக் கிடந்தன. மாப்பிள்ளை மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“வாங்க மாமா. எல்லாம் முடிவாயிடுச்சு. லீவு விட்டதும் மூணு நாள். மலை மேல ஏரி, கரையில நாலு கேபின். ஒருநாள் கூடாரம் போட்டுப் படுக்கறோம். எங்க ஆபீஸ்ல மூணு குடும்பம், நாம அஞ்சு பேரு, மொத்தம் பதினாறு.”

அவர் பாலங்கள் கட்டும் பொறியாளர். எதற்கும் அட்டவணை போடுவார். பல் துலக்கும் பசைக்குக்கூட அதில் ஒரு கட்டம் இருந்தது.

“உங்க அப்பாவுக்கு ஏரின்னாலே ஆகாதுடி,” என்றாள் முதல்நாளே அங்கு வந்திருந்த என் மனைவி, கம்பளிகளை மடித்தபடி. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு குளத்தங்கரைக்குக்கூட என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல.”

“இந்தத் தடவை எப்படித் தப்பிக்கறார்னு பாக்கறேன்,” என்று சிரித்தாள் மகள்.

நான் திரையைப் பார்த்தேன். பைன் மரங்கள். கரும்பச்சை நீர். நீருக்குள் நீண்டு செல்லும் படகுத்துறை. அதன் இடப்புறத்து மூன்றாம் கம்பம் சற்றே சாய்ந்திருந்தது.

முப்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்பும் அது அப்படித்தான் சாய்ந்திருந்தது.

அந்த இடம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லியாக வேண்டும். முகாம் அலுவலகம் அனுப்பியிருந்த துண்டறிக்கை என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

“இதில் பதினோரு பிழைகள் இருக்கின்றன,” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது வயதுப் பேத்தி, வீட்டில் ‘புயல்’ என்றால் அவள்தான், மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினாள்.

“தாத்தா, யாரும் தொலைஞ்சு போகாம நீங்கதான் அட்டெண்டன்ஸ் எடுக்கணும். ஸ்கூல்ல மாதிரி. எல்லாருக்கும் நம்பர். எனக்கு ஒன்பது!”

“நல்ல யோசனை,” என்றார் மாப்பிள்ளை. “மாமாவை விட்டா வேற யாரு?”

மறுக்க வேண்டிய இடம் அது. நான் மறுக்கவில்லை.

*

அக்காலத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். வருகைப் பதிவின்போது மாணவர்களை எண் சொல்லியே அழைப்பேன். அவர்கள் எழுந்து நின்று, “உள்ளேன் ஐயா” என்று முழுமையாகவும் திருத்தமாகவும் சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொன்னவர்கள் மறுபடியும் சொல்ல வேண்டும். அதுதான் என் வகுப்பின் சட்டம்.

பதினேழாம் எண்ணுக்குத் திக்குவாய்.

நாள்தோறும் அவள் எழுந்து நிற்பாள். “உ… உ… உ…” என்பாள். “திருப்பிச் சொல்,” என்பேன். வகுப்பு சிரிக்கும். மறுபடியும் “உ… உ…” பயிற்சியால் குறை தீரும் என்று உளமார நம்பினேன். நம்பியது உண்மை. சிரிப்பை நான் அடக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு வகுப்பே சிரிக்கையில் ஆசிரியனுக்கும் உள்ளூர ஓர் இன்பம் உண்டாகிறது. அதை எந்தப் பயிற்சி நூலும் சொல்வதில்லை.

அந்த ஆண்டு அந்த ஏரிக்குச் சுற்றுலா சென்றோம். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டது. ஓட்டுநர் அவசரப்படுத்தினார். பேருந்தின் முன்வாசற்படிக்கு முதுகைக் காட்டியபடி நின்று, குறிப்பேட்டைப் பார்த்து எண்களை அழைத்தேன்.

“பதினேழு.”

“உள்ளேன் ஐயா.”

திக்கவில்லை. திணறவில்லை. பளிங்குபோல் வந்தது சொல். எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. “நன்று!” என்றேன். குறியிட்டேன்.

தலை நிமிரவில்லை.

“பதினெட்டு.” “உள்ளேன் ஐயா,” என்றாள் அவளுடைய தோழி, எனக்கு நேர் எதிரே முதல் இருக்கையில் அமர்ந்திருந்தவள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மாணவர்கள் அனைவரும் எனக்கு முன்னால் இருந்தார்கள். பதினேழின் குரல் எனக்குப் பின்னாலிருந்து, திறந்திருந்த வாசற்படியிலிருந்து வந்தது. பிடரியில் ஏரியின் ஈரம் பட்டது. பாசி நாற்றம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த எண்ணை அழைத்தேன். பேருந்து புறப்பட்டது.

மலையடிவாரத்தில்தான் அவள் இல்லை என்பது தெரிந்தது. மூன்றாம் நாள் படகுத்துறையின் அடியில் அவளை எடுத்தார்கள். நான் எண்களை அழைத்த நேரத்துக்கு வெகு முன்பே அவள் நீருக்குள் போய்விட்டாள் என்று மருத்துவர் சொன்னார்.

விசாரணையில் பதினெட்டாம் எண் அழுதுகொண்டே சொன்னாள்: “அவ குரல்தான் ஐயா. நானும் கேட்டேன். பின்னாடி எங்கயோ உக்காந்திருக்கான்னு நெனச்சேன். மத்தியானம் தண்ணிகிட்ட போய்ப் பேசிப் பழகிட்டு வரேன்னு போனா ஐயா. அங்க யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு சொன்னா.”

நான் எழுந்தேன். அப்பெண்தான் தோழிக்காகக் குரல் மாற்றி விடையளித்தாள் என்றேன். அவளுடைய வாய் அசையாததை அறிந்திருந்தும் சொன்னேன். என் சொல்லை யாரும் ஐயுறவில்லை; நான் பிழை பொறுக்காத ஆசிரியன் அல்லவா! பதினெட்டாம் எண்ணைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். சுற்றுலாக் குறிப்பேட்டை நான் வீட்டுக்கு எடுத்து வந்து அலமாரியின் அடியில் வைத்தேன்.

*

இரண்டாம் வாரம் மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார்.

“மாமா, லிஸ்ட்ல நீங்க யாரையாவது சேர்த்தீங்களா? பதினேழுன்னு காட்டுது. கடைசி வரி காலியா இருக்கு. அழிச்சா மறுபடியும் வருது.”

“நான் எதையும் தொடவில்லை.”

“அப்ப புயலோட வேலையாத்தான் இருக்கும்.”

மறுநாள் மகள் வீட்டுக்குப் போனேன். பேத்தி சாதித்தாள், தான் இல்லையென்று. அவள் எல்லாருக்கும் அட்டையில் எண்ணெழுதி, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கோத்து வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். பதினேழு இருந்தன. கடைசி அட்டையின் கையெழுத்து அவளுடையதன்று. சாய்வில்லாமல், கோட்டுக்கு உட்பட்டு, நான் கற்பித்த முறையில் எழுதப்பட்டிருந்தது.

அட்டை ஈரமாக இருந்தது.

“தண்ணி கொட்டிட்டியா?” என்று மகள் அதட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகஞ்சுளித்தாள். “என்னடி இது, பாசி நாத்தம் அடிக்குது?”

அன்று மாலை முகாம் அலுவலகத்துக்கு நானே பேசினேன். பதினாறு படுக்கைகள் போதும் என்றேன்.

“என்ன சார், முந்தாநாள்தானே உங்க பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணி இன்னொண்ணு போடச் சொல்லிச்சு,” என்றார் மேலாளர். “சாரோட ஸ்டூடன்ட்னு சொல்லிச்சு. சும்மா சொல்லக் கூடாது சார், அவ்வளவு திருத்தமா பேசிச்சு. நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க.”

அவருக்கு நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

அன்றிரவே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பயணம் நின்றிருக்கும். என் மனைவி அடுத்த அறையில்தான் இருந்தாள். எழுந்து கதவுவரை சென்றேன். அவள் மகளிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “உங்க அப்பாகிட்ட ஆயிரம் குறை இருக்கலாம், ஆனா பொய் மட்டும் அவர் வாயில வராதுடி.”

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். கண்ணை அகற்றாமல் பேத்தியைப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு குழந்தையின் உயிரைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. இந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

*

முதலிரண்டு நாள்களும் குறையில்லாமல் கழிந்தன. குடில்களில் புது மரத்தின் மணம் இருந்தது. பெரியவர்களும் குழந்தைகளாகி, எண்ணட்டையை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். காலையும் மாலையும் அழைத்தேன். மாப்பிள்ளையின் மேலதிகாரி, தலை நரைத்தவர், விறைப்பாக எழுந்து நின்று “உள்ளேன் ஐயா!” என்று முழங்குவார். புயல் மட்டும் ஒருமுறைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

“ஒன்பது.”

“உள்ளேன் தாத்தா!”

“ஐயா என்று சொல்ல வேண்டும்.”

“நீங்க எனக்கு ஐயாவா? தாத்தாதானே! போங்க தாத்தா.”

பதினாறுடன் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் சற்றுச் செவிசாய்ப்பேன். ஏரி அலம்பும் ஓசையன்றி வேறொன்றும் கேட்காது. பதினேழாம் அட்டையை நான் வீட்டிலேயே கிழித்துப் போட்டிருந்தேன். அது தீர்ந்தது என்று எண்ணினேன்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்குப் புறப்பாடு. நான்கரைக்கே மூடுபனி கவிந்தது. முதலில் எதிர்க்கரை மறைந்தது. பிறகு படகுத்துறை. பிறகு குடில்கள் ஒவ்வொன்றாக. வேனில் மூட்டைகளை ஏற்றினார்கள். பாதை தெரியாமல் போய்விடும் என்று ஓட்டுநர் பரபரத்தார். யாரோ அழும் குழந்தையை அதட்டினார்கள். வாசற்படியருகே, உட்புறம் பார்த்து நின்றுகொண்டேன். வெளிச்சம் போதவில்லை. குறிப்பேட்டைக் கண்ணருகே கொண்டுபோனேன்.

“ஒன்று.” “உள்ளேன் ஐயா.”

எட்டு வரை தடையின்றிச் சென்றது.

“ஒன்பது.”

“உள்ளேன் ஐயா.”

திருத்தமாக வந்தது. அப்பாடா, மூன்று நாள் சொன்னதற்குப் பலன் கிடைத்தது என்று உள்ளம் குளிர்ந்தது. “நன்று,” என்றேன். பேனா குறியிட்டது.

நன்று.

அந்தச் சொல் என் வாயிலிருந்து முன்பும் ஒருமுறை இப்படியே வந்திருக்கிறது.

பிடரியில் ஈரம்.

பாசி நாற்றம்.

என் பேத்தி என்னை ஐயா என்று சொல்ல மாட்டாள்.

தலை நிமிர்ந்தேன். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையே அவளுடைய சிவப்புப் பை இருந்தது. அவள் இல்லை.

“புயல் எங்கே?”

“பின்னாடி பசங்களோட இருக்கா,” என்றாள் மகள். “இப்பதானே குரல் குடுத்தா?”

திரும்பினேன். முப்பத்தோர் ஆண்டுகள் திரும்பாத திசையில் அன்று திரும்பினேன். படியில் ஒருவருமில்லை. கடைசிப் படியில் இரண்டு சிறிய ஈரத் தடங்கள் மட்டும் இருந்தன. விரல்கள் என்னை நோக்கியிருந்தன.

அறுபத்தெட்டு வயதில் நான் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. படகுத்துறையின் பலகைகள் வழுக்கின. கையால் தடவிக் கம்பங்களை எண்ணினேன். ஒன்று. இரண்டு. சாய்ந்த மூன்றாம் கம்பத்தின் பக்கத்தில், நீருக்குள் இறங்கும் ஏணியில், பேத்தி நின்றுகொண்டிருந்தாள். நீர் அவளுடைய மார்பளவு இருந்தது. இன்னும் ஒரு படி கீழே காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

அள்ளித் தூக்கினேன். உடல் சில்லிட்டிருந்தது. ஆனால், அவள் அஞ்சியதாகத் தெரியவில்லை.

“ஏன் தாத்தா தூக்கறீங்க? அந்த அக்கா நிக்கச் சொன்னாங்க.”

“எந்த அக்கா?”

“யூனிஃபார்ம் போட்ட அக்கா. முதல்ல பேச்சே வரல, பாவம், ரொம்ப நேரம் ட்ரை பண்ணாங்க. நான் சிரிக்கவே இல்ல தாத்தா. அப்புறம் நல்லா வந்துடுச்சு. ‘உனக்குப் பதிலா நான் போய்ச் சொல்லிடறேன், நீ என் இடத்துல நில்லு’ன்னாங்க.” அவள் என் தோள்மேல் எட்டிக் கரையைப் பார்த்தாள். “வந்துட்டாங்களா?”

*

வேன் புறப்படுமுன் அத்தனை பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டிச் சொல்லவில்லை; குறைத்தும் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் மேலதிகாரி தம் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார்.

கம்பளியில் சுற்றிய குழந்தையை இறுக்கிக்கொண்டு மகள் கேட்டாள்: “தெரிஞ்சேதான் எங்களை இங்க வர விட்டீங்களாப்பா?”

“ஆம்.”

அவள் குழந்தையோடு பின்னிருக்கைக்குப் போய்விட்டாள். மனைவி சன்னலுக்கு வெளியே மூடுபனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் என்னை நோக்கித் திரும்பவில்லை.

மறுவாரம் பதினெட்டாம் எண்ணைத் தேடிப் போனேன். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்புகளை இஸ்திரி போடும் வேலையில் இருந்தாள். நாற்பத்தைந்து வயது, பார்ப்பதற்கு அதைவிடக் கூடுதல். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“வாங்க ஐயா. வழி தெரிஞ்சுதா?”

கொண்டுபோன கடிதத்தை நீட்டினேன். அன்று நான் பொய் சொன்னேன் என்றும், அவள் குற்றமற்றவள் என்றும், கல்வித்துறைக்கு எழுதிக் கையொப்பமிட்ட கடிதம். அவள் நின்றபடியே மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு அது. நான் தரையைப் பார்த்தேன்.

“இத இப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும் ஐயா? பத்தாங்கிளாஸ் எழுதட்டுமா?” அவள் சிரித்தாள். “சரி, குடுங்க. எம் பையன்கிட்ட காட்டறேன். அம்மா பொய்க்காரி இல்லன்னு அவனாவது தெரிஞ்சுக்கட்டும்.”

“என்னை மன்னிக்க வேண்டும், அம்மா.”

“அத என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவ ஒரு வருஷம் பூரா உங்க முன்னாடி நின்னா. ஒருநாளாவது அவ சொல்லி முடிக்கற வரைக்கும் சும்மா இருந்தீங்களா?” விரிப்பை உதறி மேசைமேல் போட்டாள். “போங்க ஐயா. ஆவி முகத்துல அடிக்கும்.”

வீட்டுக்கு வந்தேன். மனைவி மகள் வீட்டில் இருந்தாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை. சன்னல் வழியே பகல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அலமாரியின் அடியிலிருந்து பழைய குறிப்பேட்டை எடுத்தேன். பதினேழுக்கு நேரே நானிட்ட குறி மங்காமல் இருந்தது. சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, ‘வரவில்லை. நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை’ என்று எழுதினேன்.

மை காயும்வரை காத்திருந்தேன். காயவில்லை. தாள் கீழிருந்து ஈரமாகிக்கொண்டே வந்தது. நானெழுதிய சொற்கள் கரைந்து, சிவப்பு நீராகி மேசை விளிம்பில் சொட்டின. பழைய குறி மட்டும் அப்படியே நின்றது.

அறையில் பாசி நாற்றம் எழுந்தது.

எதிரே இருந்த வெற்று நாற்காலியின் பின்சட்டம், யாரோ அதைப் பிடித்து எழுந்ததுபோல், மெல்ல முனகியது.

குறிப்பேட்டை மூடினேன். பேனாவையும் மூடி வைத்தேன். தலையை நன்றாக நிமிர்த்தி, நாற்காலியைப் பார்த்து அழைத்தேன்.

“பதினேழு.”

நெடுநேரம் ஒன்றுமில்லை. சொட்டும் ஓசை மட்டும்.

பிறகு,

“உ…”

திருப்பிச் சொல் என்னும் சொல் பழக்கத்தால் தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.

“உ… உ…”

இதை எழுதும்போதும் அந்த நாற்காலி எனக்கு எதிரே இருக்கிறது. அதன் கீழ்த் தரை காயவில்லை. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நான் காத்திருக்கிறேன்.